தூக்கிய கால்

செபஸ்தியான் கல்யாணமான புதிதில் ஆடிய கேம் அது. ஒரு தீவு, ஒரு ஆறு, நாற்பது குடியானவர்கள். அவர்களை வைத்து ஊரை வளர்க்க வேண்டும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் வேகத்துக்கு எழுதியது, புது லேப்டாப்பில் தறிகெட்டு ஓடியது. அவர் மவுஸை நகர்த்துவதற்குள் பதினோரு வருடம் போய், நாற்பது பேரும் பட்டினியில் செத்திருந்தார்கள்.

"சோறு போடக்கூட நேரமில்லையே," என்றாள் கட்டிலில் கிடந்த மனைவி ரெஜினா. ஈஸ்டர் வரை தாங்காது என்று டாக்டர் வராந்தாவில் அவரிடம் சொன்னது அவளுக்கும் கேட்டிருந்தது.

வேகத்தைக் குறைக்க ஒரு சாஃப்ட்வேர் கிடைத்தது. பாதியாக்கினார்.

"இன்னும் கொறைங்க."

கால்வாசி.

"இன்னும்."

கடைசியில், கதிர்க்கட்டோடு ஆற்றில் இறங்கப்போன ஒருத்தியின் தூக்கிய கால் தண்ணீருக்கு மேலே நின்றது. ரெஜினா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கஞ்சி ஆறிப்போனது. நர்ஸ் வந்து ஊசி போட்டுப் போனாள். மத்தியானம் பார்த்தபோது கால் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"நிறுத்திரட்டுமா?" என்றார்.

"நிறுத்த வேண்டாம். நடக்கட்டும். காலை மட்டும் கீழ வைக்க விடாதீங்க."

அவர் குறைக்கும் பொத்தானை அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார். வேகம் காட்டும் இடத்தில் அதற்குக் கீழே எண் இல்லை.