பாட்டு நின்றதும்

"அம்மா, அங்க பாரு! காதுல மாட்டிக்கினு பாட்டு கேட்டுனுகீறா சத்யா!"

கலைவாணி கைகாட்டிய பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்த பச்சையம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் சத்யா உட்கார்ந்திருந்தாள். காதில் ஒயர் இல்லாத ஹெட்செட். கண் திரையில். கால் மட்டும் தரையில் தட்டிக்கொண்டே இருந்தது.

நேற்று விடிகாலை மீன் பிடிக்க முகத்துவாரம் தாண்டிப் போன ஃபைபர் படகு, இன்று பதினோரு மணி ஆகியும் கரை திரும்பவில்லை. அதில் போன நாலு பேரில் பச்சையம்மாவின் மகன் ரஞ்சித்குமாரும் ஒருவன். தேடிப் போன போட்டுகள் வெறுமனே திரும்பிவிட்டன. குப்பத்தில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. கோயில் ஸ்பீக்கர்கூட வாயை மூடிக்கொண்டது. இந்த நேரத்தில் ஒருத்திக்குப் பாட்டு கேட்கிறது!

சத்யாவின் புருஷன் சரவணன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த வீட்டோடு யாருக்கும் பேச்சு இல்லை. துறைமுகம் வேண்டாம் என்று குப்பமே வெயிலில் உட்கார்ந்து போராடியபோது, இவன் மட்டும் அங்கே சம்பளத்துக்குப் போனால் யாருக்குத்தான் பொறுக்கும்? "இனிமே எங்க வாசப்படி மிதிக்காதீங்க" என்று முதலில் சொன்னதே பச்சையம்மாதான். சொன்னது சரிதான் என்று இப்போது தோன்றியது.

கலைவாணி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பின்னாலேயே பச்சையம்மா. அவளுக்குப் பின்னால் பாதித் தெரு.

"இன்னாடி, என் தம்பி இன்னா ஆனான்னு தெரியாம நாங்க துடிச்சினுகீறோம். உனக்குப் பாட்டு கேக்குதா?"

சத்யா திடுக்கிட்டுத் திரும்பினாள். உதட்டில் விரலை வைத்து, "அக்கா, ஒரே நிமிஷங்கா..." என்றாள்.

வாயை மூடச் சொல்கிறாளாம்! கலைவாணி அவள் காதிலிருந்த ஹெட்செட்டை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"ஐயோ, பட்டனை அமுக்காதக்கா!"

அமுக்கியாகிவிட்டது. ஹெட்செட் அணைந்தது. அடுத்த நொடி கம்ப்யூட்டரே பாட ஆரம்பித்தது. மேளமும் குழலுமாக, வீடு முழுக்கக் கல்யாணக் களை.

வாசலில் நின்ற பெண்கள் வாயில் கை வைத்தார்கள். பச்சையம்மா முன்னால் வந்தாள்.

"பேசாம இருக்கறது வேற. எம்புள்ளயக் காணோம்னதும் மேளம் வெச்சு கேக்கறியேடி, நீயெல்லாம் நல்லா இருப்பியா?"

சத்யா வாயைத் திறப்பதற்குள் பாட்டு சட்டென்று நின்றது.

"ஹலோ மேடம், இவ்ளோ நேரம் ஹோல்டுல வெச்சதுக்கு மன்னிக்கணும்" என்றது ஓர் ஆண் குரல். "எங்க கம்பெனி கப்பல்லேர்ந்து பதில் வந்துடுச்சு. ஹலோ? நான் பேசறது கேக்குதா?"

"இருக்கேன் சார்! சொல்லுங்க சார்!" சத்யா கத்தினாள்.

"ஹலோ? ஒண்ணும் கேக்கலையே மேடம். நான் கட் பண்ணிடறேன்..."

"மைக் அதுலதாங்கா கீது!" கலைவாணி கையிலிருந்த ஹெட்செட்டைக் காட்டி அழுதாள் சத்யா. கலைவாணி எதை அமுக்குவதென்று தெரியாமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சத்யா மவுஸைப் பிடித்தாள். ஹெட்செட்டை விட்டுக் கம்ப்யூட்டர் மைக்குக்கு மாற்ற வேண்டும். தப்பாக ஒன்றை அமுக்கினாள். மறுபடி திறந்தாள்.

"ஹலோ... லைன்ல யாரும் இல்லபோல."

பச்சையம்மாவுக்கு மைக்கும் தெரியாது, மவுஸும் தெரியாது. அந்தக் குரல் போய்விடக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது. "ஐயா, வெச்சிடாதீங்கய்யா!" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அதே நேரம் சத்யாவின் விரலும் சரியான இடத்தில் விழுந்தது.

"ஆங், இப்பக் கேக்குது. காலையில ஆறு மணிலேர்ந்து விடாம கூப்ட்டுட்டே இருந்தீங்களே மேடம், அந்தப் பக்கம் போற எங்க கப்பலுக்கெல்லாம் சொல்லியிருந்தோம். உங்க வீட்டுக்காரரும் துறைமுகத்துல ஒரு ஆபீஸ் விடல, ஏறி இறங்கிட்டார். ஒரு கப்பல் போட்டைப் பாத்துடுச்சு. இன்ஜின் நின்னுபோய் மிதந்துட்டு இருந்திருக்காங்க. நாலு பேரையும் ஏத்தியாச்சு. நல்லா இருக்காங்க."

பச்சையம்மா நின்ற இடத்திலேயே மடங்கி உட்கார்ந்துவிட்டாள். கலைவாணிக்குத் தலை நிமிரவே இல்லை.

"அப்புறம் மேடம், உங்க கூடப்பொறந்த தம்பின்னு சொல்லி அழுதீங்களே, ரஞ்சித்குமார்... அம்மாகிட்ட மொதல்ல சொல்லிடுங்கன்னு கெஞ்சறாராம். அம்மா எங்க இருக்காங்க?"

சத்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்திருந்த பச்சையம்மாவைப் பார்த்தாள்.

"எங்கம்மா எங்க வீட்லதான் இருக்காங்க சார்."