கடற்பாசிப் பொடி

செம்மறியின் வயிற்றில் தீனி நொதிக்கும்போது எழும் வாயுவைக் குறைக்கவென்று, கால்நடைத் திட்ட அலுவலர் யுகேந்திரன் நிலாவெளியில் ஆடு வளர்க்கும் வீடுகளுக்கெல்லாம் கடற்பாசிப் பொடி கொடுத்திருந்தான். ஒரு வெற்றியையாவது காட்டாவிட்டால் அவனுடைய வேலை போய்விடும். கடைசியாகப் பூரணத்தின் வீட்டுக்கு வந்தான்.

“பொடி எப்பிடி அக்கா?”

“அருமை தம்பி! ஊதின வயிறு வத்திட்டுது. ஏப்பம் நிண்டிட்டுது. இப்ப நல்ல நித்திரை.”

“தவிட்டிலயோ கலந்தனீங்கள்?”

“இல்லைத் தம்பி, கஞ்சியில.”

யுகேந்திரன் பூரித்துப்போய்க் கைபேசியை எடுத்தான்.

“ஒரு படம் எடுக்கவேணும் அக்கா. வெளியில கூப்பிடுங்கோ, பாப்பம்.”

பூரணம் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“இஞ்சாருங்கோ! தம்பி படம் எடுக்கப்போறாராம்.”

சாரத்தை இறுக்கிக் கட்டியபடி அவளுடைய கணவர் வல்லிபுரம் வந்து நின்றார்.

“அக்கா... அப்ப ஆடு?”

“அது மோந்து பாத்திட்டு ஓடிட்டுது, தம்பி. இவரெண்டால் என்னத்தைக் குடுத்தாலும் குடிப்பார்.”