பென்சில் சீவும் மெஷின்

"பிரஷர் நூத்தி எண்பத்திரண்டு. இப்படி இருந்தா டாக்டர் இன்னிக்கும் வேண்டாம்னுதான் சொல்வார் சார்," என்றாள் நர்ஸ், அவர் கையில் சுற்றிய பட்டையைக் கழற்றிக்கொண்டே.

கட்டிலில் படுத்திருந்தவர் லிப்ட் மெக்கானிக். முப்பது மாடிக் கட்டடத்தில் லிப்டுக் கூண்டின் தலைமேல் நின்று வேலை பார்க்கிற மனிதர். ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் ரத்த அழுத்தம் எகிறிவிடும். அதனாலேயே இரண்டு முறை தேதி தள்ளிப் போயிருந்தது. வயிற்றுக்குள் இருக்கும் கட்டி இன்னொரு மாதம் பொறுக்காது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"அரை மணி நேரம் கண்ணை மூடிப் படுங்க. மறுபடி பாக்கறேன். வீட்டுல இருந்து யாரும் வரலையா?"

"அண்ணன் வந்திருக்கான், கீழ இருக்கான். பொண்டாட்டியை நான்தான் வர வேண்டாம்னுட்டேன். போன தடவை பக்கத்துல நின்னு மூக்கைச் சிந்திக்கிட்டே இருந்தா. அதைப் பாத்தே எனக்குப் பாதி ஏறிடுச்சு."

பாவம், மனுஷர் வீட்டு விவரங்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார். திரும்பிப் போகப் போவதில்லை என்று அவராகவே முடிவுகட்டியிருந்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை.

கண்ணை மூடியதும் போன் அடித்தது. ஒரு கையில் ஊசி குத்தியிருந்ததால், ஸ்பீக்கரைப் போட்டுத் தலையணையில் வைத்துக்கொண்டார்.

"என்னங்க, பென்சில் சீவுற மெஷின் ஓடல," என்றாள் மனைவி எடுத்த எடுப்பில்.

"நான் எங்க படுத்திருக்கேன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அதுக்கு என்ன பண்றது? பொண்ணுக்குப் பத்து மணிக்கு டிராயிங் பரீட்சை. இருக்கிற பென்சில் எல்லாம் மொட்டை. கத்தியை விட்டு நெம்பிப் பாக்கப் போறேன்."

"கத்தியை எடுக்காதே. முதல்ல பிளக்கைப் பிடுங்கு."

லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று பேசுவதற்கென்றே அவரிடம் ஒரு குரல் உண்டு. யாராவது பதறினால்தான் அவருக்கு நிதானம் வரும். அந்தக் குரல் இப்போது தானாக வந்தது.

"பதறாதே. ஒண்ணொண்ணாப் பாப்போம். அடியில சீவல் விழற தட்டு இருக்குல்ல, அதை வெளிய இழு. பின்னாடி பட்டாணி அளவுல ஒரு பொத்தான் தெரியுதா?"

"எங்க... ஆமா, இருக்கு. கறுப்பா."

"வெள்ளைடி அது. கரித்தூள் அப்பியிருக்கும். தட்டு சரியா மூடி அந்தப் பொத்தானை அமுக்கினாத்தான் மெஷின் ஓடும். பிள்ளைங்க விரலை விட்டுடக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்கான். லிப்டும் அதே கதைதான், கதவு மூடலைன்னா நகராது. பழைய பல் பிரஷ்ஷை எடுத்து நல்லாத் தேய்ச்சு விடு."

போனுக்குள் எங்கோ ஒரு சக்கரம் கிறீச்சிட்டது.

"அங்க என்ன சத்தம்?"

"பக்கத்து வீட்டுல கட்டிலை நகர்த்தறாங்க. தேய்ச்சாச்சு, தட்டையும் மூடியாச்சு. இன்னும் ஓடல."

"பிளக்கைச் சொருகினியா?"

"சொருகணுமா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு வாரமாக அவர் சிரித்தே யாரும் பார்க்கவில்லை.

"சிரிக்காதீங்க. சொருகிட்டேன். அப்பவும் ஓடல."

"அப்போ பிளேடுல முனை சிக்கியிருக்கு. மறுபடி பிளக்கைப் பிடுங்கிட்டு, மெஷினைக் கவுத்துப் பிடிச்சு முதுகுல தட்டு. குழந்தைக்கு ஏப்பம் வர வைக்கத் தட்டுவோமே, அந்த மாதிரி. துணி துவைக்கிற மாதிரி அடிச்சிடாதே."

"விழுந்துடுச்சுங்க. ஒரு சிவப்பு முனை."

"பாத்தியா. மெழுகுப் பென்சிலை இதுல விடாதேன்னு நூறு தடவை சொல்லியிருக்கேன். எல்லாம் நீ குடுக்கிற செல்லம்."

"ஆமா, நான்தான் செல்லம் குடுக்கறேன். அவ கேட்டதும் ஓடிப்போய் இந்த மெஷினை வாங்கிட்டு வந்தது யாராம்?"

அவர் பதிலுக்கு ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். நர்ஸ் வந்து கையில் மறுபடி பட்டையைச் சுற்றியதையே கவனிக்கவில்லை.

"நூத்தி முப்பத்தெட்டு," என்றாள் நர்ஸ். "போகலாம் சார்."

ஸ்ட்ரெச்சர் வந்தது. இருவர் அவரைத் தூக்கி மாற்றிப் படுக்கவைத்தார்கள்.

"இன்னும் சுத்த மாட்டேங்குதுங்க," என்றது போன்.

"பரவாயில்ல, விடு. பொண்ணுக்கு பிளேடால ரெண்டு பென்சில் சீவிக் குடு. மெஷினை அலமாரி மேல எடுத்து வை. நான் வந்து பாத்துக்கறேன்."

நான் வந்து பாத்துக்கறேன். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஒரு வாரமாக மனதில் கட்டி வைத்திருந்த முடிவு அவரைக் கேட்காமலே அவிழ்ந்து போயிருந்தது.

"சரிங்க, வந்து பாருங்க," என்றாள் மனைவி.

நர்ஸ் போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, ஸ்ட்ரெச்சர் கூடவே நடந்தாள். வார்டு கதவு திறந்தது.

"அலமாரி மேல வச்சாச்சுங்க," என்ற மனைவியின் குரல் இப்போது இரண்டு இடங்களிலிருந்து கேட்டது: நர்ஸின் கையிலிருந்து ஒன்று, வெளியே சுவரோர பெஞ்சிலிருந்து ஒன்று. அங்கே, பரீட்சைக்குப் போயிருக்க வேண்டிய மகளின் கையை இறுகப் பிடித்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் மெஷினும் இல்லை, பிரஷ்ஷும் இல்லை, கன்னமெல்லாம் கண்ணீர், குரல் மட்டும் கொஞ்சமும் நடுங்கவில்லை.