பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு

"அந்த நர்ஸ் வாயை மூடினாத்தான் இந்த வருஷப் பாட்டு உருப்படும்."

ஏணியில் நின்று காகித நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தவள், கீழே நின்றவளிடம் சொன்னாள். கதவுக்குப் பின்னால் மாஸ்டர் நின்றது இருவருக்கும் தெரியாது.

மாஸ்டர்தான் சர்ச்சில் பாடகர் குழுவுக்குத் தலைவர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் புதிதாக ஒரு பாட்டு எழுதி, அவரே மெட்டும் போடுவார். எழுதியதோடு விடமாட்டார். ஆராதனை தொடங்கும்வரை ஒரு வரியை அழிப்பார், இன்னொன்றை மாற்றுவார். மாற்றியது ஒத்திகை அறைப் பலகையில் ஏறும். பலகையைப் பார்த்துப் பாட முடியாதவருக்குக் குழுவில் இடமில்லை.

போன வருடம் தச்சர் வந்து நின்றார். "மாஸ்டர், எழுத்தெல்லாம் மங்கலாத் தெரியுது. யாராவது பக்கத்துல நின்னு எடுத்துக் கொடுத்தா சமாளிச்சுடுவேன்."

"இருபது வருஷம் பாடிட்டீங்கண்ணே. இனிமே உக்காந்து கேளுங்க."

அன்றிலிருந்து தச்சருக்குக் கடைசி பெஞ்சு.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அன்றைய ஒத்திகையில் மாஸ்டர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஏணிக்காரி சொன்னது சரிதான். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் பின்வரிசையிலிருந்து 'புசுபுசு'வென்று ஒரு சத்தம். அசைந்தது நர்ஸின் உதடு. பக்கத்தில் மாஸ்டரின் மனைவி, ஒன்றும் தெரியாதவள்போல நேராக நின்றிருந்தாள்.

"நிறுத்துங்க! நர்ஸம்மா, அங்க என்ன ஊர்க்கதை?"

"ஒண்ணுமில்ல மாஸ்டர்."

"ஒண்ணுமில்லாததையா ஒரு மாசமா பேசறீங்க?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நர்ஸ் வாயைத் திறந்தாள். மாஸ்டரின் மனைவி அவள் முழங்கையை அழுத்தினாள். திறந்த வாய் மூடிக்கொண்டது.

"ஆஸ்பத்திரியில பேஷன்ட் காதுலயும் இப்படித்தான் ஊதுவீங்களா?"

"இனிமே பேசல மாஸ்டர்."

அடுத்த சரணம் தொடங்கியது. இரண்டு வரி தாண்டவில்லை. மறுபடியும் புசுபுசு.

மாஸ்டர் கையிலிருந்த குச்சியை மேசைமேல் எறிந்தார். "போதும். கிறிஸ்துமஸ் அன்னைக்கு நீங்க பாட வேண்டாம். உக்காந்து கேளுங்க."

"ஏங்க, அவ பாவங்க..." என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. பக்கத்துல நின்னு உன் கவனத்தையும் கெடுத்து வெச்சிருக்கா. காலையில எனக்கு எடுத்து வெச்ச சாக்ஸைப் பாருங்க எல்லாரும். ஒண்ணு கறுப்பு, ஒண்ணு நீலம்!"

அறையே சிரித்தது. நர்ஸ் தன் பாட்டுத் தாளை நான்காக மடித்து, நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாள்.

கிறிஸ்துமஸ் காலை. ஆராதனைக்கு இன்னும் பத்து நிமிடம். வெளியே பெஞ்சுகள் நிரம்பும் சத்தம் ஒத்திகை அறைவரை கேட்டது. மாஸ்டர் பலகையில் மூன்றாம் சரணத்தின் முதல் வரியை அழித்தார்.

'கதவுகள் யாவும் மூடின அன்று' என்று இருந்ததை, 'கதவுகள் யாவும் திறந்தோம் இன்று' என்று மாற்றி எழுதினார்.

"ஒரே ஒரு தடவை பாடிப் பாத்துடலாம். ம்!"

பதினான்கு குரல்கள் 'திறந்தோம் இன்று' என்று பாடின. ஒரு குரல் மட்டும் பிசிறில்லாமல், கணீரென்று, 'மூடின அன்று' என்றது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டரின் மனைவி.

"பலகையைப் பாத்துப் பாடு!"

மறுபடி பாடினார்கள். மறுபடியும் அதே குரல். 'மூடின அன்று.'

"மானத்தை வாங்காத! பலகையைப் பாருன்னு சொல்றேன்ல?"

"பலகையைத்தாங்க பாக்கறேன்."

அவள் முகம் பலகைக்கு இரண்டடி தள்ளி இருந்த ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது.

மாஸ்டர் கிட்டே போனார். கையிலிருந்த தாளை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

அவள் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தாள். "தாளுன்னு தெரியுது."

"எத்தனை நாளா?"

"ஈஸ்டருக்கு முன்னாடியிலேர்ந்து. நேராப் பாத்தா இருட்டு, ஓரம் மட்டும் கொஞ்சம் தெரியும். நர்ஸுதான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா. இங்கயும் அவதான் ஒவ்வொரு வரியா..."

மாஸ்டர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். இன்றைக்கும் ஒன்று கறுப்பு, ஒன்று நீலம்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"தச்சரண்ணன் சொன்னாரேங்க உங்ககிட்ட."

மணி அடித்தது. பாஸ்டர் கதவைத் தள்ளித் தலையை நீட்டினார். "மாஸ்டர், எல்லாரும் காத்திருக்காங்க. ஆரம்பிக்கலாமா?"

மாஸ்டர் அவரைத் தாண்டி வெளியே வந்தார். பாடகர் மேடைக்குப் போகவில்லை. நிறைந்திருந்த பெஞ்சுகளுக்கு நடுவே, சபை முழுவதும் திரும்பிப் பார்க்க, கடைசிவரை நடந்தார். அங்கே தச்சர் உட்கார்ந்திருந்தார். இரண்டு ஆள் தள்ளி நர்ஸ்.

"அண்ணே, எந்திரிங்க."

தச்சர் திடுக்கிட்டார். "எதுக்கு மாஸ்டர்? நான்தான் உக்காந்து கேட்டுட்டிருக்கேனே."

"மெட்டு தெரியுமா?"

"தெரியாம என்ன? ஒத்திகை அறை ஜன்னலுக்கு வெளியே நின்னு தினமும் கேட்டதுதானே."

மாஸ்டர் ஒரு கையால் அவரைப் பிடித்து எழுப்பினார். நர்ஸைப் பார்த்து, "நீங்களும் வாங்கம்மா" என்றார்.

பின்வரிசையில் இந்தப் பக்கம் மனைவி, அந்தப் பக்கம் தச்சர். நடுவில் நர்ஸை நிறுத்தி, தன் கையிலிருந்த தாளை அவளிடம் கொடுத்தார்.