இன்னும் ஒரே ஒரு இஸ்பேடு

கௌதமுக்கு இன்னும் ஒரே ஒரு இஸ்பேடு வேண்டும். வந்தால் ஐந்தும் இஸ்பேடு, ஃபிளஷ். வராவிட்டால் கையில் இருப்பது குப்பை.

அயனம்பாக்கம் ஃபிளாட்டின் சங்க அறையில் ஞாயிறு மதியம் போக்கர். நண்பன் ஆசிக் சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்திலிருந்து விலகிவிட்டான். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஜேம்ஸ் சார் ஐயாயிரம் கட்டியிருந்தார். கடைசிச் சீட்டைப் பார்க்க வேண்டுமானால் கௌதமும் ஐயாயிரம் வைக்க வேண்டும்.

ஐந்தில் ஒரு வாய்ப்புதான். ஆனால் ஐ.டி. மூளை சும்மா இருக்குமா? 'இஸ்பேடு மட்டும் விழட்டும், பெரிசு முன்னாடி இருக்கிற முப்பத்தஞ்சாயிரமும் நமக்குத்தான். அதையும் சேர்த்துப் பார்த்தா இந்த அஞ்சாயிரம் எந்த மூலைக்கு?'

போன் அடித்தது. மனைவி ரேணுகா. அவள் குரல் அறைக்கே கேட்டது.

"பாப்பா ஸ்கூல் ஃபீஸுக்கு நாளைக்குக் கடைசி நாள். கட்டிட்டீங்களா?"

"நேத்தே கட்டிட்டேம்மா" என்றான், பள்ளிக்கூடத்தின் பெயர் அச்சடித்த கவரிலிருந்து ஐயாயிரத்தை உருவியபடி.

ஜேம்ஸ் நிமிர்ந்து பார்த்தார்.

கடைசிச் சீட்டு விழுந்தது. இஸ்பேடு!

"ஆல் இன்!" மிச்சம் முப்பத்தைந்தாயிரத்தோடு கவரையே தூக்கி நடுவில் போட்டான் கௌதம்.

ஜேம்ஸ் தன் சீட்டைப் பார்த்தார். கவரைப் பார்த்தார். சீட்டைக் கவிழ்த்தார்.

"நான் விட்டுட்டேன். எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ தம்பி."

கௌதமுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணக்குப் போட்டு வைத்த முப்பத்தைந்தாயிரம் போச்சே!

"முப்பது வருஷம் மாசச் சம்பளம் வாங்கின கை சார், நடுங்கத்தான் செய்யும். இதெல்லாம் தைரியம் இருக்கிறவங்க ஆட்டம்."

"சரிதான் தம்பி." ஜேம்ஸ் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பயந்தாங்கொள்ளி அப்படி என்னதான் வைத்திருந்தார்? கௌதம் சீட்டைப் புரட்டினான்.

இரண்டு ராஜா.

எல்லோருக்கும் பொதுவாக மேஜையில் ஏற்கெனவே ஒரு ராஜா, இரண்டு எட்டு கிடந்தன. மூன்று ராஜா, இரண்டு எட்டு. ஃபுல் ஹவுஸ்! ஃபிளஷெல்லாம் அதன் முன்னால் நிற்காது. இஸ்பேடு விழுவதற்கு முன்பே அவர் ஜெயித்திருந்தார். 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கவர் அவருடையது.

"இன்னா மச்சான், இன்னாதான் வெச்சிருந்தாரு?" ஆசிக் எட்டிப் பார்த்தான்.

கௌதம் அவசரமாக இரண்டு ராஜாவையும் கட்டுக்குள் சொருகினான்.

"ஒரு ஜோடிகூட இல்ல மச்சான். நாம ரெண்டு பேரும் ஆடலாம், சீட்டப் போடு!" என்று ஃபீஸ் கவரைத் திறந்தான்.