பெரிய டயர் போட்ட ஜீப்

“குற்றாலநாதர் சாட்சியாச் சொல்லுதேன் அண்ணாச்சி. இந்த வண்டியப் பத்தி நான் சொல்லுததுல ஒரு சொல்லு பொய்யா இருந்தா, நாளைக்கு அருவியில தண்ணி விழக்கூடாது” என்றார் பிச்சைமணி.

“அப்படியெல்லாம் சொல்லாதேயும். சீசன் நேரம், ஊரு பிழைக்கணும்லா?” என்றார் ஏசுதாசன். செங்கோட்டைப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர். ஜீப்பை விலைக்குக் கேட்டு வந்திருந்தார்.

யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது எடுத்த ஜீப் அது. தென்காசியில் பிச்சைமணி வீட்டு மாட்டுத் தொழுவத்தில் குடியிருந்தது. வண்டி தொழுவத்துக்குள், மாடு ஆடிச் சாரலில். மாடோ இன்றைக்கோ நாளைக்கோ கன்று போடுகிற நிலை.

“பொழுது அடையுமுன்ன வண்டி வெளிய போவணும். இல்லேன்னா மாட்டைப் பிடிச்சுக்கிட்டு நான் கீழப்பாவூர்ல எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்” என்று அவர் மனைவி முப்பிடாதி காலையிலேயே சொல்லிவிட்டாள். இப்போது மாட்டின் மேல் ஒரு சாக்கைப் போர்த்திவிட்டு, வியாபாரம் படிகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏசுதாசன் குனிந்து சக்கரத்தைத் தட்டினார். “டயர் என்னவே இம்புட்டுப் பெரிசா இருக்கு? ஜீப்புக்கு உள்ளது இல்லையே!”

“லாரி டயரு அண்ணாச்சி. போன வருசம் ஆனியில நானே மாட்டினேன். சின்ன டயரு மலைக்கு ஆவாது, கல்லுக்குக் கல்லு அடி தட்டுது. இதை மாட்டினா மட்கார்டு உரசிச்சு. பட்டறை அய்யாத்துரையக் கூப்பிட்டு ஓரத்தை வெட்டி எறிஞ்சேன். அப்பவும் ஸ்டீரிங் இடப்பக்கந்தான் திரும்பும், வலப்பக்கம் திரும்பாது.”

“பெறகு எப்படி ஓட்டினீரு?”

“வலப்பக்கம் போவணும்னா, இடப்பக்கமா மூணு தெரு சுத்தி வந்துருவேன். தென்காசியில எனக்குத் தெரியாத சந்து கிடையாது.”

“அது சரி. மலையில தெரு இருக்காதே?”

“மலையில அது நாம கேட்ட பக்கம் திரும்பும். போன வாரம் செண்பகாதேவி அருவிக்கு ஓட்டிட்டுப் போறேன். மனுசன் நடந்தாலே வழுக்குத பாறை. பூனை மாடிப்படி ஏறுத மாதிரி சத்தமில்லாம ஏறிச்சு. நடுவழியில பெருமழை. குளிக்க வந்த கூட்டம் அம்புட்டும் வண்டிக்கு அடியில ஒதுங்கிருச்சு. அங்கனயே நின்னு எண்ணெயும் தேச்சுக்கிட்டாங்க.”

“குனிஞ்சா நின்னாங்க?”

“குனிஞ்சுக்கிட்டு எப்படி எண்ணெய் தேய்க்க? நிமிந்துதான்.”

ஏசுதாசன் வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தார். ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

“அதுவும் மழைக்கு ஒதுங்கினதுதான்” என்றாள் முப்பிடாதி.

“ஒரே ஒரு குறை உண்டு அண்ணாச்சி, மறைக்கப்படாது” என்று பிச்சைமணி குரலைத் தாழ்த்தினார். “டயரு பெரிசுல்லா? ஒரு சுத்துக்கு வண்டி கூடத் தூரம் போயிருது. மீட்டருக்கு அந்தக் கணக்குத் தெரியாது. நான் குற்றாலத்துல போய் நிப்பேன், மீட்டரு மேலகரத்துலதான் வந்துக்கிட்டிருக்கும். அது வந்து சேருத வரைக்கும் வெத்தில போட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன்.”

“காத்து கீத்து இறங்குமா?”

“ஒரு தடவ இறங்கிச்சு, மலை உச்சியில. பம்பு கொண்டுபோவல. அருவிக் காத்துக்கு நேரா வால்வைத் திருப்பிவச்சேன், தன்னால நிரம்பிருச்சு. அந்தக் காத்துதான் இன்னும் உள்ள கிடக்கு. ஏலக்காய் வாசம் அடிக்கும். வேணும்னா மோந்து பாருங்க.”

பிச்சைமணி வால்வை ஒரு குச்சியால் அழுத்தினார். புஸ்ஸென்று காற்று வந்தது. ஏசுதாசன் மூக்கை அருகில் கொண்டுபோய்க் கண்ணை மூடினார்.

“கொள்ளாம்! ஏலக்காய்தான். கொஞ்சம் சுக்கும் கலந்திருக்கு.”

பிச்சைமணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவரும் குனிந்து மோந்து பார்த்தார். ரப்பர் வாசம்தான் அடித்தது.

“எங்க, ஒரு தடவ கிளப்பிக் காட்டும் பாப்போம்” என்றார் ஏசுதாசன்.

பிச்சைமணி நகர்ந்து, பானட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். “கிளப்பலாம் அண்ணாச்சி. இந்த மாசத்து ரேஷன் பெட்ரோல் கூப்பன் தீந்துபோச்சு. நேத்து வந்திருந்தியன்னா உங்களை ஏத்தி ஐந்தருவியே காட்டியிருப்பேன்.”

முப்பிடாதிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

“விடும், விடும். பெட்ரோல் படுத பாடு எனக்குத் தெரியாதா?” என்று ஏசுதாசன் எழுந்து வேட்டியை உதறினார். “வண்டிய எடுத்துக்கிடுதேன். தெருமுனையில காளை ரெண்டு நிக்கி. கட்டி இழுத்துட்டுப் போயிருதேன்.”

பேசிய விலைக்கு மறுபேச்சில்லாமல் கொடுத்தார். கோழி கூடைக்கு மாறியது. காளைகள் இழுக்க, ஜீப் வலப்பக்கமே திரும்பித் தெருவைத் தாண்டியது. அந்த நிமிஷமே மாடு தொழுவத்துக்குள் போய் உரிமையோடு படுத்துக்கொண்டது.

பிச்சைமணி துண்டை உதறித் தோளில் போட்டார். “பாத்தியாட்டி? செங்கோட்டைக்காரரு லேசுப்பட்ட ஆளு இல்ல. அவருக்கே பானட்டைத் தூக்கிப் பாக்கணும்னு தோணல! எல்லாம் பேச்சு.”

“உங்க பேச்சுக்கு மாடே உள்ள வந்துட்டே” என்று முப்பிடாதி வைக்கோல் அள்ளப் போனாள்.

ஜீப்பின் என்ஜினைப் பிச்சைமணி போன மாசியிலேயே ஒரு தரகரிடம் தள்ளிவிட்டார். அன்றிலிருந்து அது ஏசுதாசன் தோட்டத்துக் கிணற்றில்தான் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறது.