பூட்டிய பாஸ்போர்ட்

இடுப்பு வலி லூர்தையாவைக் குனிய விடவில்லை. இருபத்தோராம் நூற்றாண்டு முடிய ஒரு வாரம்தான் இருந்தது. அதற்குள் தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் காலியாக வேண்டும். சுமப்பவர்கள் எல்லாரும் அமெரிக்காவிலிருந்து வந்த கூலிகள். அவர்கள் பாஸ்போர்ட்டுகள் மேஸ்திரி லூர்தையாவின் பெட்டிக்குள் கிடந்தன.

ஒஹாயோக்காரன் வெய்ன் வந்து நின்றான். "அண்ணாச்சி, அம்மாவுக்கு ரொம்ப முடியல. பாஸ்போர்ட்டத் தாங்க, முகத்தப் பாத்துட்டு வந்திருதேன்."

"கப்பல் வந்தாப் போதும், எவனுக்காவது ஆத்தா சாவக் கெடப்பா! சரக்கு எறங்கட்டும்ல, போவலாம்."

சரக்கு இறங்கும் முன்பே சாவுச் செய்தி வந்துவிட்டது.

வளைகுடாவில் முதலாளி பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்ததால், பெற்றவள் குழியில் ஒரு பிடி மண் போட முடியாமல் போன தாத்தாவின் பேரன்தான் லூர்தையா. பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டை நீட்டினார்.

"இனி என்னத்துக்கு அண்ணாச்சி? நீங்களே வச்சிக்கிடுங்க." வெய்ன் அடுத்த மூட்டைக்குக் குனிந்தான்.

தாய்முகம் பார்க்கும் கடைசி நாள் ஒன்றை லூர்தையா அவனுக்குக் கடன்பட்டிருக்கிறார்; அது இன்னும் அப்படியே நிற்கிறது.